பிப் கிடையாது என்று கடிதம் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு முழுக்க 'பிப்' பற்றியது. அதாவது பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட். நோயாலோ உடல், மனக் குறைபாட்டாலோ அன்றாட வேலைகளுக்குச் சிரமப்படுகிறவர்களுக்கு, 16 வயதிலிருந்து அரசு ஓய்வூதிய வயதுக்குள் விண்ணப்பித்தால் கிடைக்கும் தொகை இது. 2013இல் வந்தது. வேலை பார்த்தாலும் கிடைக்கும், சேமிப்பு இருந்தாலும் கிடைக்கும்.

அசெஸ்மென்ட் (பிப்புக்கான மதிப்பீட்டுப் பேட்டி) முடிந்தது, 'பூஜ்யம் பாயின்ட்' என்று கடிதம் வந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி, பிப் கொடுக்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யிடம் கேட்க வேண்டும். இதற்கு மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்று பெயர். சுருக்கமாக எம்.ஆர். அதிலும் சரிவரவில்லை என்றால் ட்ரிப்யூனல், அதாவது மேல்முறையீட்டைக் கேட்கும் தனி நீதிமன்றம். இந்த இரண்டு படிகளையும் இதே வரிசையில்தான் ஏற முடியும். எம்.ஆர். கேட்காமல் நேரே ட்ரிப்யூனலுக்குப் போக வழியில்லை.

பூஜ்யம் என்று பார்த்ததும் பலர் கடிதத்தை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். 3 மாதம் கழித்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஒரு மாதம் தாண்டிவிட்டது. அப்போ?

கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் மொத்தம் 13 மாதம் வரை தாமதமாகக் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தேன், மன அழுத்தத்தில் தபாலையே திறக்கவில்லை, கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை போன்றவை காரணங்கள்தான். தாமதம் என்று சொல்லி டி.டபிள்யூ.பி. மறுத்தாலும், அந்த 13 மாதத்துக்குள் கேட்டிருந்தால் ட்ரிப்யூனலுக்குப் போகும் உரிமை உண்டு. ட்ரிப்யூனலுக்கும் மேலே உள்ள மேல் ட்ரிப்யூனல் 2017இல் சொன்ன தீர்ப்பு இது.

பாயின்ட் கணக்கு எப்படி? டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர் தெளிவாக இருக்கிறதே?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். நோயின் பெயருக்கு பிப்பில் பாயின்ட் கிடையாது. அந்த நோயோடு நீங்கள் ஒரு வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்பதற்குத்தான் பாயின்ட்.

அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 10 வேலைகள்: சமைப்பது, சாப்பிடுவது, மருந்து மாத்திரை பார்த்துக்கொள்வது, குளிப்பது, கழிப்பறை, உடுத்துவது, பேசுவது, வாசிப்பது, மற்றவர்களோடு பழகுவது, பணத்தைப் பற்றி முடிவெடுப்பது. நடமாட்டப் பகுதியில் 2: வழி பார்த்துப் போய்வருவது, நடப்பது. ஒவ்வொரு வேலைக்கும் கீழே சில வாசகங்கள் இருக்கும். உங்களுக்குப் பொருந்துவதில் அதிக பாயின்ட் உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, எல்லா வேலைகளையும் கூட்டுவார்கள். ஒரு பகுதியில் 8 வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடுதல் தொகை. 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்டு, நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண்டு.

எட்டு என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் பாருங்கள்: நின்று சமைக்க முடியாமல் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து காய் வெட்டுகிறீர்கள், 2. குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், 2. கழிப்பறையில் உயர்த்திய இருக்கை வேண்டும், 2. குனிய முடியாததால் சாக்ஸ் போட ஒரு கருவி வேண்டும், 2. எட்டு வந்துவிட்டது. அந்தப் பொருள் இப்போது உங்களிடம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நியாயமாகப் பார்த்தால் அது உங்களுக்குத் தேவை என்று காட்டினால் போதும்.

"அதுதான் எப்படியோ சமாளித்துச் செய்கிறேனே" என்றால் பாயின்ட் போய்விடுமா?

அப்படிச் சொன்னால் போய்விடும். அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

ஓர் அக்கா வந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். தொலைபேசியில் அசெஸ்மென்ட். "குளிப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்றிருக்கிறார். அறிக்கையில் 'உதவியின்றிக் குளிக்கிறார்' என்று வந்தது. என்ன சமாளிப்பு என்று துருவிக் கேட்டேன். மகள் வேலையிலிருந்து வரும்வரை குளிக்காமல் காத்திருப்பாராம். மகள் கதவுக்கு வெளியே நிற்பாராம். டப்பில் கால் வைக்கும்போது உள்ளே வந்து கையைப் பிடிப்பாராம். வாரத்துக்கு இரண்டு முறைதான் குளியல். இதில் எங்கே பரவாயில்லை? நலம் விசாரித்தால் "நல்லா இருக்கிறேன்" என்று சொல்வது நம் பழக்கம். அசெஸ்மென்டில் கேட்பது நலம் விசாரிப்பு அல்ல.

சட்டத்தில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, பிப் விதிகளில் 4ஆம் விதி. ஒரு வேலையை உங்களால் 'முடியும்' என்று எழுத வேண்டுமென்றால் அதை நீங்கள் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடிய வேண்டும், நியாயமான நேரத்தில் முடிக்க வேண்டும். குறைபாடு இல்லாத ஒருவர் அதிகபட்சம் எடுக்கும் நேரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் அல்ல. நாலில் ஒன்று தவறினாலும் உங்களால் முடியாது என்றுதான் கணக்கு. உடை மாற்ற 45 நிமிடம் ஆகிறதா? மூச்சு வாங்குகிறதா? செய்து முடித்தபின் இரண்டு மணிநேரம் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கிறதா? எழுத வேண்டியது அதைத்தான்.

பாதுகாப்பு பற்றி இன்னொன்று. வலிப்பு மாதத்தில் ஒருமுறைதானே வருகிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி வராவிட்டாலும், வந்தால் ஏற்படும் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மேல் ட்ரிப்யூனல் 2017இல் சொல்லியிருக்கிறது. சுடு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறிக்கை எழுதுகிறவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்குச் சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் எழும்பவே முடியாது. எதை எழுதுவது?

இரண்டையும். கணக்கு இதுதான்: ஒரு வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எந்த வாசகம் பொருந்துகிறதோ அதற்குப் பாயின்ட். நாள் முழுக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் மூட்டு இறுகி ஒன்றரை மணிநேரம் உடுத்த முடியவில்லை, மத்தியானம் சரியாகிவிட்டது என்றாலும் அந்த நாள் கணக்கில் வரும். ஒரு மூன்று வாரம் டைரி எழுதுங்கள். பள்ளிக்கூட நோட்டு போதும். "செவ்வாய்: சட்டைப் பொத்தான் மகன் போட்டுவிட்டான். கெட்டில் தூக்க முடியவில்லை." இவ்வளவுதான். அழகாக எழுத வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிரமம் தொடங்கி 3 மாதம் ஆகியிருக்க வேண்டும், இன்னும் 9 மாதமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மருமகள்தான் சமைக்கிறாள். நான் அடுப்படிப் பக்கமே போவதில்லை. என்ன எழுதுவது?

"நான் சமைப்பதில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மருமகள் இருப்பதால் சமைக்கவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவள் ஒரு வாரம் இல்லாவிட்டால் உங்களால் முடியுமா, முயன்றால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். பிப்பில் 'சமையல்' என்பது புது காய்கறி, இறைச்சியை வெட்டி, இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள அடுப்பில் வைத்து, ஒரு ஆளுக்கு ஒரு எளிய சாப்பாடு செய்வது. பத்துப் பேருக்குப் பொங்கல் வைப்பது அல்ல. ஆகவே கீழே குனிந்து ஓவன் அடுப்பிலிருந்து தட்டை எடுக்க முடியாது என்பதற்குப் பாயின்ட் இல்லை. வெங்காயம் வெட்டக் கை நடுங்குகிறது, பானையை இறக்கும்போது இரண்டு தடவை கொட்டிவிட்டது, அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு உண்டு. ஒருவர் கூடவே நின்று கவனிக்க வேண்டும் என்றாலோ கை கொடுக்க வேண்டும் என்றாலோ 4 பாயின்ட்.

ஆங்கிலம் தெரியாததால் எல்லாவற்றுக்கும் மகனைக் கூப்பிடுகிறேன். அதற்குப் பாயின்ட் வருமா?

வராது. பேசுவதும் வாசிப்பதும் உங்கள் தாய்மொழியில் முடிகிறதா என்றுதான் விதி கேட்கிறது. தமிழ்ப் பேப்பரை வாசித்துவிட்டு, டி.டபிள்யூ.பி. கடிதம் புரியவில்லை என்றால் அது பிப் விஷயம் இல்லை. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு தமிழே வாசிக்க வரவில்லை, காது கேட்காததால் வீட்டில் பேசுவதும் புரிவதில்லை என்றால் அது பாயின்ட். இந்த வேறுபாட்டைப் பிரித்து எழுதாததால் நியாயமான பாயின்டையும் சிலர் இழக்கிறார்கள்.

நடப்பதற்கு எவ்வளவு தூரம் கணக்கு?

20 மீட்டர், 50 மீட்டர், 200 மீட்டர் என்று படிகள். நிற்கவும் 20 மீட்டருக்கு மேல் நகரவும் முடியாது என்றால் 12 பாயின்ட், அதாவது கூடுதல் தொகை. இரண்டு டபுள் டெக்கர் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் ஏறத்தாழ அந்த நீளம். முக்கியம்: வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு நடந்த தூரம் 'நடக்க முடியும்' ஆகாது. மேலே சொன்ன நாலு அளவுகோலும் இதற்கும் பொருந்தும்.

ஐந்து நிமிடம் நடப்பேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து பக்கத்துக் கடை வரை ஒருநாள் அளந்து பாருங்கள். எத்தனை தடவை நிற்கிறீர்கள் என்றும் எண்ணுங்கள்.

எனக்கு உடம்பு நடக்கும். ஆனால் தனியாக வெளியே போனால் பயத்தில் உறைந்துவிடுகிறேன்.

போரைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தில், சத்தத்தில், சீருடையைக் கண்டால் கைகால் ஓடாது. இது 'வழி பார்த்துப் போய்வருவது' என்ற வேலையில் வரும். தாங்க முடியாத மன உளைச்சலால் ஒருவர் துணையில்லாமல் பழக்கமில்லாத வழியில் போக முடியாது என்றால் 10 பாயின்ட், பழகிய வழியில்கூட முடியாது என்றால் 12. 2017 மார்ச்சில் அரசு விதியை மாற்றி, மன உளைச்சலை இதிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே 'பயம் எல்லாம் கணக்கில் வராது' என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

எம்.ஆர். எப்படிக் கேட்பது?

தொலைபேசியில் கேட்கலாம், கடிதம் எழுதலாம், சி.ஆர்.எம்.ஆர். 1 என்ற படிவமும் இருக்கிறது. தேதி நெருங்கினால் தொலைபேசியில் சொல்லிவிட்டு, விவரம் பின்னால் அனுப்புகிறேன், இந்தத் தேதிக்குள் வரும் என்று குறிப்பிடுங்கள். அதே அழைப்பில் அசெஸ்மென்ட் அறிக்கையின் நகலையும் கேட்டுவிடுங்கள். அதற்குப் பி.ஏ.4 என்று பெயர். அது கையில் இல்லாமல் எழுதும் கடிதம் இருட்டில் கல் எறிவதுதான்.

அறிக்கை வந்தபின் ஒவ்வொரு வேலையாக எடுங்கள். அவர்கள் என்ன எழுதினார்கள், எந்த வாசகம் சரி, ஏன், அதற்கு என்ன சாட்சி. 'அசெஸ்ஸர் பொய் சொல்லிவிட்டார்' என்று இரண்டு பக்கம் கொட்டுவதால் ஒரு பாயின்டும் ஏறாது. கோபம் வரும், புரிகிறது. வீட்டில் கொட்டிவிட்டு வந்து எழுதுங்கள். ஒரு மாதிரி: 'குளிக்கும் வேலைக்கு 0 கொடுத்திருக்கிறீர்கள். டப்புக்குள் ஏறவும் இறங்கவும் என் மகள் கை பிடிக்க வேண்டும். மார்ச்சில் தனியாக முயன்று விழுந்தேன், ஜி.பி. பதிவில் இருக்கிறது. இதற்கு 3 பாயின்ட் பொருந்தும்.' இதை ஆங்கிலத்தில் எழுதினால் முடிந்தது.

சாட்சிக்கு என்ன அனுப்புவது? ஜி.பி. காசு கேட்கிறார்.

ஜி.பி.க்கு உங்கள் நோய் தெரியும், உங்கள் குளியலறை தெரியாது. அதனால் அவர் கடிதம் வராவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மருத்துவப் பதிவின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அதைவிடப் பலமானது, உங்களை அன்றாடம் பார்க்கிறவர்கள் எழுதுவது: வீட்டுக்கு வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், கேரர், மகள், பக்கத்து வீட்டுக்காரர். மகள் எழுதினால் எடுபடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எடுபடும், என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று எழுதினால். 'என் அம்மா மிகவும் கஷ்டப்படுகிறார்' என்று எழுதினால் எடுபடாது.

எம்.ஆர்.லும் அதே பதில். விட்டுவிடவா?

இங்கே விடுகிறவர்கள்தான் அதிகம். இங்கேதான் விடக் கூடாது. எம்.ஆர். பார்ப்பது அதே டி.டபிள்யூ.பி. ட்ரிப்யூனல் தனி. விசாரணைக்குப் போகும் பிப் வழக்குகளில் சுமார் மூன்றில் இரண்டு, விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. பெரும்பாலும் அதே காகிதங்கள்தான். கூடுதலாக நடப்பது, மூன்று பேர் உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது.

எம்.ஆர். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதம். ஆன்லைனில் அல்லது எஸ்.எஸ்.சி.எஸ். 1 படிவத்தில் மனு போடலாம். கட்டணம் கிடையாது. விசாரணை வர பல மாதம் ஆகும், அதற்குப் பொறுமை வேண்டும். இடையில் பிப் வராது.

கோர்ட் என்றால் பயமாக இருக்கிறது.

கறுப்பு அங்கி, கூண்டு எதுவும் இல்லை. ஒரு மேசை. எதிரே ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கையில் அனுபவம் உள்ள இன்னொருவர். டி.டபிள்யூ.பி. சார்பில் ஆள் வரலாம், பல நேரம் வருவதில்லை. நேரில், தொலைபேசியில், வீடியோவில் நடத்தலாம். நீங்கள் இல்லாமல் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவும் முடியும். அந்தக் கடைசி வழியை நான் சொல்ல மாட்டேன். உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி நீங்கள்தான்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள், இலவசம். யாழ்ப்பாணத் தமிழா இந்தியத் தமிழா என்றும் குறிப்பிடுங்கள். மகன் கூட வரலாம், ஆனால் மொழிபெயர்ப்பு அவன் வேலை இல்லை. அம்மா சொல்ல வெட்கப்படுவதை மகன் முன்னால் இன்னும் சொல்ல மாட்டார். பயணச் செலவைத் திரும்பக் கேட்கலாம்.

விசாரணைக்கு முன் டி.டபிள்யூ.பி. ஒரு தடித்த காகிதக் கட்டு அனுப்பும். உங்கள் படிவம், அறிக்கை, கடிதங்கள் எல்லாம் பக்க எண்ணோடு இருக்கும். படியுங்கள். முரண்படும் இடத்தில் பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். 'பக்கம் 62இல் தனியாகக் கடைக்குப் போவதாக எழுதியிருக்கிறது. நான் சொன்னது மகனோடு காரில் போய் வெளியே காத்திருப்பதாக' என்று சொன்னால் அவர்களும் புரட்டிப் பார்ப்பார்கள்.

மனு போட்டபின் டி.டபிள்யூ.பி. போன் செய்து 'இவ்வளவு தருகிறோம்' என்றால்?

நடக்கும். அங்கேயே 'சரி சரி' என்று சொல்லிவிடாதீர்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை பாயின்ட், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வையுங்கள். போதவில்லை என்றால் மறுத்து விசாரணைக்குப் போகலாம். ஒப்புக்கொண்டால் அந்த மனு முடிந்துவிடும். புது முடிவை எதிர்க்க வேண்டுமென்றால் மறுபடி மனு போட வேண்டும்.

ஏற்கெனவே கொஞ்சம் கிடைக்கிறது. கூடக் கேட்கப்போய் இருப்பதும் போய்விடுமா?

போகலாம். எம்.ஆர்.லும் ட்ரிப்யூனலிலும் முழு முடிவையும் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குறைக்கும் எண்ணம் இருந்தால் ட்ரிப்யூனல் முதலில் எச்சரிக்கும், நீங்கள் மனுவைத் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். மொத்தமாக மறுக்கப்பட்டவருக்கு இழக்க ஒன்றுமில்லை. 8 பாயின்ட் வாங்கியவர் 12 கேட்கும்போதுதான் யோசிக்க வேண்டும். அந்த எட்டு எவ்வளவு உறுதி என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இடையில் நோய் கூடிவிட்டது. அதையும் சொல்லலாமா?

ட்ரிப்யூனல் பார்ப்பது டி.டபிள்யூ.பி. முடிவெடுத்த நாளில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை. அதற்குப் பிறகு வந்த புதுச் சிக்கலுக்குப் புது விண்ணப்பம்தான் வழி. பின்னால் எழுதிய மருத்துவக் கடிதமாக இருந்தாலும் அந்த நாளின் நிலையைச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.

'ஒரே வேலையில் 4 பாயின்ட் இல்லாவிட்டால் கிடையாது' என்று வாட்ஸாப்பில் வந்ததே?

2025இல் அரசு அப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரிய எதிர்ப்பு வந்து, 2025 ஜூலையில் மசோதாவிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. பிப் மதிப்பீடு முழுவதையும் ஆராய அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் ஒரு மறுஆய்வு அமைக்கப்பட்டது. வாட்ஸாப்பை நம்பி மனுவைக் கைவிடாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் இருக்கிறேன்.

உங்களுக்கு அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட். பாயின்ட் முறை ஏறக்குறைய ஒன்றே, படிகளின் பெயரும் கெடுவும் வேறு: மறுபரிசீலனை கேட்க 42 நாள், அதன்பின் மேல்முறையீட்டுக்கு 31 நாள்.

வக்கீல் வைக்க வேண்டுமா?

தேவையில்லை. இங்கிலாந்தில் இந்தக் கட்டத்துக்கு 2013 முதல் பொதுவாக அரசு சட்ட உதவியும் கிடையாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், உங்கள் பகுதி லா சென்டர், சில கவுன்சில்களின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவு ஆகியவை இலவசமாக உதவும். கிடைக்கப்போகும் பாக்கியில் பங்கு கேட்கிற ஆட்களும் நம் ஊர்க் கடைத்தெருக்களில் உண்டு. அவர்கள் பக்கம் போகாதீர்கள்.

ட்ரிப்யூனலிலும் தோற்றால்?

மேல் ட்ரிப்யூனல் இருக்கிறது, ஆனால் சட்டப் பிழை இருந்தால் மட்டும். 'என்னை நம்பவில்லை' என்பது சட்டப் பிழை ஆகாது. ஏன் நம்பவில்லை என்று காரணமே சொல்லாமல் விட்டால் ஆகலாம். முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் எழுத்து வடிவில் காரணங்களைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டத்தில் தனியாக நிற்காமல் லா சென்டரைப் பிடியுங்கள்.

வென்றால் பணம் எப்போதிலிருந்து?

மறுத்த முடிவு எந்தத் தேதிக்கானதோ அதிலிருந்து. 40 வாரம் ஆகியிருந்து சாதாரண அன்றாட வாழ்க்கைத் தொகை கிடைத்தால், 2025-26 கணக்கில் 2,956 பவுண்டு மொத்தமாக வரும். கைக்கு வர சில வாரம் ஆகும். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி) வாங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம், இந்தப் பாக்கியை 12 மாதத்துக்குச் சேமிப்பாக எண்ண மாட்டார்கள்.

அப்புறம், பிப் கிடைத்த கையோடு மற்றதையும் பாருங்கள். அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைத்தால், உங்களை வாரம் 35 மணிநேரம் பார்த்துக்கொள்கிறவர் கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். வீட்டுக்கு பெனிஃபிட் கேப் (மொத்த உதவித்தொகைக்கு அரசு வைக்கும் உச்சவரம்பு) இருந்தால் அது நீங்கும். நடப்பதில் 8 பாயின்டோ அதற்கு மேலோ என்றால் இங்கிலாந்தில் புளூ பேட்ஜ், அதாவது கார் நிறுத்தச் சலுகை அட்டை. கடிதத்தில் அந்தப் பிப் எந்தத் தேதிவரை என்றும் போட்டிருக்கும். அதற்கு முன்பே திரும்பவும் படிவம் வரும். அப்போது எழுத அந்த டைரி நோட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.